கான்டனீஸில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்ல எத்தனை வழி? (தரத்தில் சமமானவற்றை ஒப்பிடும் பேச்சு வழக்குகள்)

#1 புதுத்தளிர்

வணக்கம். ஹாங்காங் பேச்சு வழக்கில், இரண்டு பொருள்கள் ஏறக்குறைய ஒரே தரம் என்று சொல்வது பற்றிய சந்தேகம். பாடப்புத்தகம் யத்1 யொங்6 என்ற ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது. தொடர்களிலும் தெருவிலும் காதில் விழுபவை வேறு: சா1 ம்4 தோ1, புன்3 கன்1 பாத்3 லொங்2, ங்5 ங்5 போ1, ப்ஹாக்3 தக்1 ஜ்யூ6, யத்1 தாம்3 தாம்1. அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் நேரே "சமம், நிகர்" என்றே இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாமா? போட்டால் எங்கே வம்பு வரும்? வாக்கியத்தில் எந்த இடத்தில் உட்காரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

#2 நெறியாளர்

பதில் எழுதுபவர்கள் ஒரே எழுத்துமுறையில் எழுதுங்கள், இல்லாவிட்டால் இழை குழம்பிவிடும். எண்கள், கான்டனீஸை ஆங்கில எழுத்தில் எழுதும் ஜ்யுட்பிங் முறையின் ஆறு தொனிகள்: 1 உயர்ந்த சமம், 2 உயர்ந்து ஏறுவது, 3 நடுச் சமம், 4 தாழ்ந்து இறங்குவது, 5 தாழ்வில் சற்றே ஏறுவது, 6 தாழ்ந்த சமம். மூச்சு சேர்ந்து வெடிக்கும் ஒலிக்கு ப்ஹ, த்ஹ, க்ஹ. ச என்பதை எப்போதும் "பச்சை"யில் வரும் ச்ச போலப் படிக்கவும். அதுவும் மூச்சோடுதான். மூச்சில்லாத இணைக்கு ஜ. வெறும் ஸகரத்துக்கு ஸ.

#3 கவ்லூன்வாசி

புதுத்தளிர், ஒன்றுக்குப் பதில் ஒன்று போட முடியாது. "சமம்" என்பது பாதிச் செய்திதான். நல்லதில் சமமா, கெட்டதில் சமமா, போட்டியில் சமமா, அல்லது சின்னது பெரியதை எட்டிப் பிடித்ததா? கான்டனீஸ் ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை வைத்திருக்கிறது. வார்த்தையைத் தேர்ந்த உடனே உங்கள் தீர்ப்பும் வெளியே வந்துவிடும்.

சா1 ம்4 தோ1: எந்தச் சாய்வும் இல்லாதது. சா1 என்றால் வித்தியாசப்படுதல், ம்4 இல்லை, தோ1 அதிகம். "வித்தியாசம் அதிகமில்லை." கடை, உணவு, சம்பளம், உயரம், நேரம், எதற்கும் போடலாம். வழி தெரியாதபோது இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நி1 கான்1 த்ஹுங்4 கோ2 கான்1 சா1 ம்4 தோ1. (இந்தக் கடையும் அந்தக் கடையும் ஏறக்குறைய ஒன்றுதான்.)

சா1 இருக்கும் இடத்தில் ஜாங்1 போட்டு ஜாங்1 ம்4 தோ1 என்றும் சொல்வார்கள். அது இன்னும் கொஞ்சம் வீட்டுப் பேச்சு.

ப்ஹாக்3 தக்1 ஜ்யூ6: பாராட்டு. "பக்கத்தில் நிறுத்தலாம்." ஆனால் இதற்கு ஒரு திசை உண்டு. ஏற்கெனவே பெயர் பெற்றது பின்னால் வரும், அதை எட்டிப் பிடித்தது முன்னால் வரும். உள்ளூர்ப் பொருளைப் பற்றி "ப்ஹாக்3 தக்1 ஜ்யூ6 யத்6 புன்2 ஃபோ3" என்றால் "ஜப்பான் சரக்குக்கு ஈடு நிற்கும்" என்று பொருள். இடத்தை மாற்றி, ஜப்பான் சரக்கு இதற்கு ஈடு நிற்கும் என்றால் கேட்பவர் சிரிப்பார்.

புன்3 கன்1 பாத்3 லொங்2: "அரை கன், எட்டு லொங்". இரண்டும் ஒரே எடை. பெரும்பாலும் "இதுவும் சரியில்லை, அதுவும் சரியில்லை" என்ற தொனியில்தான் வரும். மேலதிகாரி சொன்ன இரண்டு உணவகங்களை ஒப்பிட இதை எடுத்தால் அவர் முகம் மாறும்.

யத்1 தாம்3 தாம்1: இன்னும் ஒரு படி கீழே. "நீங்க ரெண்டு பேரும் ஒரே காவடியில் தூக்க வேண்டிய சுமை." ஆட்களைப் பற்றித்தான் அதிகம், அதுவும் குறை சொல்லும்போது.

ங்5 ங்5 போ1: வாய்ப்பு சரிபாதி. இது தரத்தைச் சொல்வதே இல்லை.

#4 தராசுமுள்

அரை கன் எப்படி எட்டு லொங் ஆகும் என்று தெரியாமல் இதை மனப்பாடம் செய்பவர்கள் நிறைய. பழைய கணக்கில் ஒரு கன் 16 லொங். ஹாங்காங்கில் இன்றும் அதே கணக்குதான்: ஒரு கன் 604.79 கிராம், ஒரு லொங் 37.8 கிராம், ஆக அரை கன் 302.4 கிராம். காய்கறிச் சந்தையிலும் மீன் கடையிலும் விலை அட்டை கன்னுக்கோ லொங்குக்கோ இருக்கும். இரண்டில் எது என்று பார்க்காமல் வாங்கினால் பில் 16 மடங்கு எகிறும். நகைக்கடை லொங் மட்டும் கொஞ்சம் குறைவு, 37.43 கிராம்.

சீன நிலப்பரப்பில் 1959க்குப் பிறகு 16 போய் 10 ஆகிவிட்டது. அங்கே கன்னை ஜின் என்றும் லொங்கை லியாங் என்றும் சொல்வார்கள்: ஒரு ஜின் 500 கிராம், அரை ஜின் என்றால் ஐந்து லியாங். ஆனாலும் வழக்குச் சொல் எட்டிலேயே நின்றுவிட்டது. அங்குள்ள பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னால்தான் புரியும். ஹாங்காங் பிள்ளைக்குச் சந்தைக்குப் போனாலே புரியும்.

தொனியையும் கவனிக்கவும். எடை லொங்2. எண் இரண்டு லொங்5. "பாத்3 லொங்5" என்றால் காதில் வேறு ஏதோ விழும்.

#5 ஈப்போக்காரி

கோலாலம்பூர், ஈப்போ, சிரம்பான் பக்கம் உள்ள தமிழர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. மலாயில் காத்தி, தாஹில் என்று சொன்னதும் இதே அளவுகள்தான், ஒரு காத்திக்கு 16 தாஹில். சீன மருந்துக் கடையில் தாஹிலைப் பத்தாகப் பிரித்தால் சின்4, அதாவது 3.78 கிராம்.

யத்1 தாம்3 தாம்1க்கும் இதே இடத்தில்தான் வேர். தாம்3 என்பது சுமை மட்டுமல்ல, அளவும்கூட: 100 கன், 60.48 கிலோ. மலாயில் பிக்குல். தாம்1 என்பது அதைத் தோள்கழியில் தூக்கும் வினை. கழியின் இரு முனையிலும் பாரம் சமமாக இல்லாவிட்டால் நடக்கவே முடியாது. ஒரே எழுத்து, இரண்டு தொனி: பெயர் என்றால் 3, வினை என்றால் 1. வரிசை மாறி தாம்1 தாம்3 ஆகிவிட்டால் "சுமையைத் தூக்கு" போல ஆகிவிடும்.

#6 இலக்கணப்பித்தன்

வாக்கிய அமைப்பை யாரும் தொடவில்லை, எழுதிவிடுகிறேன். நான்கு அச்சுகள் போதும்.

அ) முதற்பொருள் + த்ஹுங்4 + இரண்டாம்பொருள் + சா1 ம்4 தோ1 / யத்1 யொங்6. த்ஹுங்4 என்பது நம் "உம்", "ஓடு" இரண்டின் வேலையையும் செய்யும்.

ஆ) முதற்பொருள் + த்ஹுங்4 + இரண்டாம்பொருள் + யத்1 யொங்6 கம்3 + பண்புச்சொல். "அதே அளவு உயரம்", "அதே அளவு ருசி". சா1 ம்4 தோ1 வைத்தும் இப்படிச் சொல்லலாம்: சா1 ம்4 தோ1 கம்3 கோவ்1, ஏறக்குறைய அதே உயரம்.

இ) முதற்பொருள் + யவ்5 + இரண்டாம்பொருள் + கம்3 + பண்புச்சொல். இரண்டாவது அளவுகோல், முதலாவது அதை எட்டுகிறது. இது கேள்வியிலும் மறுப்பிலும்தான் அதிகம் புழங்குகிறது. கேள்வி: நி1 கான்1 யவ்5 மோவ்5 கோ2 கான்1 கம்3 ஹோவ்2 ஸிக்6 ஆ3? (இங்கே அங்கே அளவுக்கு ருசியா?) மறுப்பு: மோவ்5 கோ2 கான்1 கம்3 ஹோவ்2 ஸிக்6. (அந்தளவு ருசி இல்லை.)

ஈ) ஹோவ்2 சி5 + பொருள் + கம்2. "அது மாதிரி". இது தரத்தைவிடத் தோற்றத்துக்கும் விதத்துக்கும்.

பலரும் கோட்டை விடும் இடம் கம்3, கம்2. எழுத்தில் இரண்டையும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள், தொனிதான் பிரிக்கும். பின்னால் பண்புச்சொல் வந்தால் கம்3, "அவ்வளவு". பின்னால் ஒன்றும் வராமல் "அப்படி" என்று முடிந்தால் கம்2. ஹோவ்2 சி5 அச்சில்கூடக் கடைசியில் பண்புச்சொல் ஒட்டினால் கம்3 ஆகிவிடும்: ஹோவ்2 சி5 க்ஹொய்5 கம்3 கோவ்1, அவனைப் போல அவ்வளவு உயரம்.

இன்னொன்று. சமத்துக்கான அச்சில் வித்தியாசத்தின் அளவைச் சொருக முடியாது. "கொஞ்சம் மேல்" என்று சொல்ல க்வோ3 அச்சுக்குத் தாவ வேண்டும்: ஹோவ்2 க்வோ3 கோ2 ஜெக்3 ஸியு2 ஸியு2 (அந்த ரகத்தைவிடச் சற்றே நல்லது).

#7 புதுத்தளிர்

நன்றி பித்தன் அண்ணா. அப்போது யத்1 யொங்6க்கும் சா1 ம்4 தோ1க்கும் வேறுபாடு அளவு மட்டும்தானா?

#8 இலக்கணப்பித்தன்

தரம் பேசும்போது ஆம். யத்1 யொங்6 "அதே", மற்றது "கிட்டத்தட்ட அதே". இரண்டு கடை மீன் உருண்டைக்கும் யத்1 யொங்6 என்றால், ஒரே தொழிற்சாலைச் சரக்கு என்று குற்றம் சாட்டுவது போலவும் கேட்கலாம். மயிரிழை வேறுபாடும் இல்லை என்று அழுத்த யத்1 மோவ்4 யத்1 யொங்6.

ஒரு பொறியும் இருக்கிறது. யொங்6 என்பது பொருள்களை எண்ணும் சொல்லும்கூட. யத்1 யொங்6 யே5 என்றால் "ஒரு பொருள்". பின்னால் யே5 வந்ததா இல்லையா என்று கேட்காமல் "அதே" என்று மொழிபெயர்த்தால் விற்பவர் சொன்னது தலைகீழாகிவிடும்.

#9 கவ்லூன்வாசி

சா1 பற்றியும் எச்சரிக்கை. தனியே நின்றால் அது "மட்டம்". ஹோவ்2 சா1: படு மட்டம். சா1 தி1 இரண்டு வேலை செய்யும். பண்பாக நின்றால் "சற்றே மட்டம்", வினைக்கு முன்னால் நின்றால் "கொஞ்சத்தில் தப்பியது". ஆக "ரெண்டும் சா1 ம்4 தோ1" என்று தொடங்கி, ம்4 தோ1 பகுதியை வாய்க்குள் விழுங்கினால் இரண்டும் மட்டம் என்றாகிவிடும். இந்த ம்4 உதட்டை மூடி மூக்கால் சொல்லும் முழு அசை. அதற்கு ஒரு முழு மாத்திரை கொடுக்க வேண்டும்.

தேநீர் சா4. பன்றி வாட்டல் சா1 ஸியு1. அதில் வரும் சா1ம், வித்தியாசத்தின் சா1ம் ஒலியில் ஒன்றே. "இரண்டு கடை சா1 ஸியு1ம் சா1 ம்4 தோ1" என்பது நல்ல நாப்பயிற்சி.

#10 சொல்வேட்டை

புன்3 கன்1 பாத்3 லொங்2 எப்போதும் வசைதான் என்பதை ஏற்க மாட்டேன். இரண்டு கால்பந்து அணிகள், இரண்டு சதுரங்க ஆட்டக்காரர்கள் என்று வரும்போது, எவரும் எவருக்கும் சளைத்தவரில்லை என்ற பொருளிலும் சொல்கிறார்கள். அதில் இழிவு இல்லை.

#11 கவ்லூன்வாசி

போட்டி என்ற பின்னணி வெளிப்படையாக இருந்தால் சொல்கிறார்கள், சரி. அந்தப் பின்னணி இல்லாமல் பொருளையோ ஆளையோ சுட்டினால் கேட்பவர் முதலில் எடுத்துக்கொள்வது மட்டமான அர்த்தத்தைத்தான். புதிதாகப் பேசுபவருக்கு அந்தக் கோட்டைத் தாண்டச் சொல்லித்தருவது நியாயமில்லை. போட்டி என்றால் அதற்கென்றே அழகான சொல் இருக்கிறதே: திங்1 தோங்1 மா5 த்ஹவ்4.

#12 சொல்வேட்டை

> திங்1 தோங்1 மா5 த்ஹவ்4

இதை எழுத மறந்துவிடுவார்களோ என்று பார்த்தேன். சொல்லுக்குச் சொல் எடுத்தால் "கிணிகிணி குதிரைத்தலை". இரண்டு தலையும் ஒரே கோட்டில் ஓடுகிற படம். திறமை, விற்பனை, மதிப்பெண், நடிப்பு என்று ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கும் எதற்கும் போடலாம். இழிவு ஒட்டாது. இரண்டு தரப்புமே கேட்டு மகிழும். ஆனால் போட்டியே போடாத இரண்டு பொருளுக்கு, உதாரணமாக இரண்டு துண்டுத் துணிக்கு, இதைப் போட்டால் பொருந்தாது.

ஹாங்காங் பேச்சில் பந்தயத் திடலின் வாடை நன்றாகவே உண்டு. ஹேப்பி வேலியில் 1846 முதல் குதிரை ஓடுகிறது, ஷா டின் திடல் 1978இல் வந்தது. முடிவுக் கோட்டில் வித்தியாசத்தை மூக்கு, குறுந்தலை, தலை, கழுத்து என்று அளப்பார்கள். கேமராவாலும் பிரிக்க முடியாமல் இரண்டும் ஒன்றாகத் தொட்டால் ப்ஹிங்4 த்ஹவ்4 மா5. இது முடிவுக்கு மட்டும். ஓட்டத்தின் நடுவில் இருப்பதற்குத் திங்1 தோங்1 மா5 த்ஹவ்4.

#13 தராசுமுள்

கால்பந்துக்கு வருவோம். ங்5 ங்5 போ1 என்பதில் போ1, பந்தைக் குறிக்கும் ball என்ற ஆங்கிலச் சொல்தான். ஆட்டத்துக்கு முன் கணிப்பாகச் சொல்வது: கம்1 சொங்4 ங்5 ங்5 போ1 (இன்றைய ஆட்டம் சரிபாதி). சற்றே சாய்ந்தால் ஸெய்3 லுக்6 போ1, நாற்பதுக்கு அறுபது. நேர்முகத் தேர்வு, வழக்கு, மழை என்று ஆட்டத்துக்கு வெளியேயும் ஓடுகிறது. ஆட்டம் முடிந்து சமநிலை என்றால் தா2 வோ4. வரவுசெலவு சரிக்குச் சரி, லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்றாலும் தா2 வோ4தான். இதையெல்லாம் தரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். "இந்த இரண்டு அரிசியும் ங்5 ங்5 போ1" என்றால் எது ஜெயிக்கும் என்று கேட்பார்கள்.

பலர் ங்5 என்பதை ம்5 என்றே உச்சரிக்கிறார்கள், அந்த மெய் தேய்ந்துகொண்டே வருகிறது. ம்4 (இல்லை) உடன் குழம்பாமல் இருக்கத் தொனி ஒன்றுதான் துணை: 5 ஏறும், 4 இறங்கும்.

#14 ஈப்போக்காரி

குறை சொல்லும் பக்கம் இன்னும் சில உண்டு, அவற்றைக் கலந்துவிடக் கூடாது.

ஸே4 ஸ்யூ2 யத்1 வோ1 (பாம்பும் எலியும் ஒரே பொந்து): இது தரம் இல்லை, கூட்டுக் களவு. நம் "ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்பதைவிடக் காரம். இரண்டு சலவை இயந்திரத்துக்குச் சொல்ல முடியாது.

த்ஹின்1 ஹா6 வு1 ஆ1 யத்1 யொங்6 ஹக்1 (உலகத்தில் காக்கை எல்லாம் ஒரே கறுப்பு): ஒரு தொழில், ஒரு வர்க்கம் முழுவதையும் சாடுவது. வீட்டுத் தரகர், முதலாளி என்று பொதுவாகப் பேசும்போது வரும்.

ங்5 ஸப்6 போவ்6 ஸியு3 பாக்3 போவ்6: போரில் பயந்து ஐம்பது அடி ஓடியவன் நூறு அடி ஓடியவனைப் பார்த்துச் சிரித்தானாம். பழைய சீன ஞானி மென்சியஸ் லியாங் நாட்டு ஹுய் மன்னனிடம் சொன்ன உவமை. ஒருவன் இன்னொருவனைக் கேலி செய்யும்போது மட்டுமே செல்லும். இருவரும் சும்மா நின்றால் இது வேண்டாம், யத்1 தாம்3 தாம்1 போதும்.

யத்1 ஹாய்5 பத்1 யூ4 யத்1 ஹாய்5: இதைச் சமம் என்று சிலர் பட்டியலில் சேர்க்கிறார்கள். தவறு. "ஒரு நண்டைவிட அடுத்த நண்டு மோசம்", அதாவது வரிசையாகத் தரம் இறங்குகிறது.

பெய்2 சி2 பெய்2 சி2 என்பது தனி வகை. "நீயும் அப்படித்தானே" என்று திருப்பிக் கொடுப்பது. ஒருவர் புகழ்ந்தால் பணிவு, ஒருவர் இடித்தால் பதிலடி. வார்த்தை அதேதான், முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

#15 முருங்கைக்காய்

அப்பாவும் பிள்ளையும் ஒரே மாதிரி இருப்பதற்கு ஒன்று உண்டே, பணியார அச்சு என்று வரும்.

#16 சொல்வேட்டை

பெங்2 யன்3. நிலாப்பணியாரம் அச்சிடும் மரக்கட்டை. யத்1 கோ3 பெங்2 யன்3 என்றால் நம்ம ஊரில் "அப்பனை உரிச்சு வெச்சிருக்கான்" என்கிற இடம். தோற்றத்துக்குத்தான். திறமையும் தரமும் சமம் என்று சொல்ல இதை எடுக்காதீர்கள். அக்கா தங்கை சமையல் ஒரே ருசி என்பதற்கு இது ஒட்டாது.

#17 இலக்கணப்பித்தன்

பாராட்டுப் பக்கத்தில் ப்ஹாக்3 தக்1 ஜ்யூ6 ஒன்றோடு நிற்க வேண்டாம். ம்4 ஸ்யூ1 ஸித்6 என்பது "இளைத்ததில்லை". அளவுகோலைச் சொல்லாமலே போடலாம். யவ்5 தக்1 ஃபய்1 என்பது "மோத முடியும், ஒரு கை பார்க்கலாம்". யவ்5 தக்1 பெய்2 என்பது "ஒப்பிடத்தக்கது", அதன் மறுப்பு மோவ்5 தக்1 பெய்2 மட்டும் இரண்டு பக்கமும் வெட்டும்: "அதற்கு நிகரே இல்லை" என்று புகழவும் ஆகும், "கிட்டவே நிற்க முடியாது" என்று தள்ளவும் ஆகும். எது எழுவாய் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

#18 கவ்லூன்வாசி

யவ்5 தக்1 ஃபய்1 சொல்லும்போது ஒரு பக்கம் கொஞ்சம் வலு குறைந்தது என்ற எண்ணம் உள்ளே இருக்கும், பித்தன். "அவனோடு இவனும் மோதலாம்" என்றாலே இவன் சின்னவன். இரண்டும் முழுச் சமம் என்றால் திங்1 தோங்1 மா5 த்ஹவ்4.

#19 இலக்கணப்பித்தன்

"இருவரும்" என்று பன்மையில் எழுவாய் வந்தால் அந்தச் சாய்வு போய்விடும்: க்ஹொய்5 தெய்6 லொங்5 கோ3 யவ்5 தக்1 ஃபய்1, "அவங்க ரெண்டு பேரும் சரியான ஜோடி, மோதட்டும்". ஒருமை எழுவாயில் நீங்கள் சொல்வது பொருந்தும்.

#20 தராசுமுள்

எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும் பிரிக்காமல் விட்டால் புதுத்தளிர் மாட்டிக்கொள்வார். செய்தித்தாளில் பத்1 ஸொங்1 பாக்3 ஜுங்6 என்று வரும். மூத்தவன் யார் இளையவன் யார் என்று பிரிக்க முடியாத அண்ணன் தம்பி, அதாவது உயர்வில் சமம். தாய்6 த்ஹுங்4 ஸியு2 யி6 (பெரும்பகுதி ஒன்று, சிறுபகுதி வேறு) அறிக்கைக்கும் ஆய்வுக்கும் உகந்தது, சாய்வில்லாதது. பேச்சில் சொன்னாலும் புரியும், ஆனால் மீன் கடையில் நின்று பத்1 ஸொங்1 பாக்3 ஜுங்6 என்றால் மேடைப் பேச்சு போல இருக்கும். அங்கே மோவ்5 மத்1 ஃபன்1 பித்6 (பெரிய வித்தியாசம் இல்லை) போதும்.

அளவை மட்டும் குத்துமதிப்பாகச் சொல்ல கம்3 ஸொங்6 ஹா2. விலை, வயது, எடைக்கு: "ஏறத்தாழ அவ்வளவுதான்". இதில் கடைசி அசை தன் இயல்பான 6ஐ விட்டு 2க்கு ஏறுவதைக் கவனியுங்கள்.

#21 புதுத்தளிர்

கடையில் நின்று பேசுவது போல ஒரு சிறு உரையாடல் கிடைக்குமா? வாக்கியக் கடைசியில் வரும் ஜே1, லா1, லோ1 எல்லாம் எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை.

#22 ஈப்போக்காரி

வாங்குபவர்: நி1 ஜெக்3 த்ஹுங்4 கோ2 ஜெக்3 யவ்5 மே1 ஃபன்1 பித்6? (இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?)

விற்பவர்: சா1 ம்4 தோ1 லா1, கோ2 ஜெக்3 க்வய்3 தி1 ஜே1. (பெருசா ஒண்ணும் இல்லை, அது விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.)

வாங்குபவர்: கம்2 ஸி6 தான்6 லா1. (அப்போ ஏதாவது ஒண்ணு குடுங்க.)

லா1 பேச்சை மென்மையாக மூடும். ஜே1 "அது மட்டும்தான்" என்று அளவைச் சுருக்கும். இதே இடத்தில் லோ1 போட்டு சா1 ம்4 தோ1 லோ1 என்றால் "இதுகூடத் தெரியாதா, ஒண்ணுதானே" என்ற சலிப்பு ஏறும். விற்பவர் சொன்னால் கோபம், நண்பர் சொன்னால் சாதாரணம். ஜெக்3 என்பது வகை, ரகம், பிராண்டை எண்ணும் சொல். கடையை எண்ண கான்1, ஆளை எண்ண கோ3. இதை மாற்றினால் எதை ஒப்பிடுகிறீர்கள் என்பதே மாறிவிடும்.

ஸி6 தான்6 "எதுவானாலும் சரி". க்ஹவ்4 க்ஹெய்4 என்றும் சொல்வார்கள், ஆனால் அதில் "ஏனோதானோ" என்ற நிழல் உண்டு. சமையல்காரரிடம் க்ஹவ்4 க்ஹெய்4 என்றால் "அக்கறையில்லாமல் எதையாவது செய்" என்று கேட்கும். தெரிவை விட்டுக்கொடுக்க ஸி6 தான்6 எடுங்கள்.

#23 சொல்வேட்டை

இரண்டும் சமம் என்று தெரிந்த பிறகும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பவருக்கு ஒரு பழமொழி காத்திருக்கிறது: சின்1 கான்2 மான்6 கான்2, கான்2 ஜொக்6 கோ3 லான்6 தங்1 ஜான்2. ஆயிரம் தேர்ந்து, பத்தாயிரம் தேர்ந்து, கடைசியில் கையில் வந்தது உடைந்த அகல். மாப்பிள்ளை தேடும் வீட்டில் அதிகம் ஒலிக்கும்.

#24 தராசுமுள்

எதிர்ப்பக்கமும் தெரிந்தால்தான் இவற்றின் எல்லை பிடிபடும். யெங்4 கவ்2 த்ஹியு4 காய்1: ஒன்பது தெரு முந்திவிட்டது. சா1 த்ஹின்1 குங்6 தெய்6: வானமும் பூமியும் அளவு வித்தியாசம். ம்4 கவ்3 க்ஹொய்5 லய்4: அவனுக்கு இவன் ஈடில்லை. இவற்றுக்கும் சமத்துக்கும் நடுவே, "நல்லதுதான், ஆனால் தலைகீழாக நின்றாலும் இதற்கு மேல் போகாது" என்பதற்கு ஹோவ்2 கிக்6 யவ்5 ஹான்6. விலை கூடிய பொருளை ஒருவர் தலையில் கட்டப் பார்க்கும்போது ஹோவ்2 தக்1 கெய்2 தோ1 ஆ3 (எவ்வளவு மேலாகிவிடப் போகிறது?) என்று கேட்டால் பேரம் அங்கிருந்து இறங்கும்.

#25 கவ்லூன்வாசி

உச்சரிப்பில் தமிழ்க்காரர்களுக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும்.

வசதி குறில் நெடில். கன்1 (எடை) கான்1 (கடை எண்ணும் சொல்) இரண்டையும் மற்றவர்கள் மாதக்கணக்கில் பயின்று பிரிக்கிறார்கள். நமக்குக் கனமும் கானமும் தானே வரும். ஆனால் குறிலை அகரமாகவே வையுங்கள், எகரமாகச் சாய்க்காதீர்கள்.

தொல்லை குற்றியலுகரம். யத்1, பாத்3, ப்ஹாக்3, ஸப்6 எல்லாவற்றிலும் கடைசி மெய் பிடித்து நிறுத்தப்படும், வெடிக்காது. நாக்கையோ உதட்டையோ அந்த இடத்தில் வைத்து மூச்சை அடைத்து அப்படியே விடவேண்டும். நாம் பழக்கத்தில் யத்து, பாத்து, ப்ஹாக்கு என்று உகரம் ஒட்டுகிறோம். அசை ஒன்று கூடியதும் தொனி இரண்டாகப் பிளந்து, நான்கு அசைச் சொல் ஐந்தாறு அசையாகிக் கேட்பவருக்குப் பிடிபடாமல் போகும். புன்3 கன்1 பாத்3 லொங்2 சொல்லும்போது பாத்3 முடிந்து லொங்2 தொடங்கும் இடத்தில் சின்ன அமைதி இருந்தால் சரியாகச் சொல்கிறீர்கள்.

மூச்சு அடுத்தது. த்ஹுங்4 சொல்லும்போது உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் ஆட வேண்டும். தோ1க்கு ஆடக்கூடாது. ஆடாவிட்டால் த்ஹுங்4 (உடன்) துங்6 (நகர்வு) பக்கம் நழுவும்.

#26 புதுத்தளிர்

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, விலை குறைஞ்சதைக் குடுங்க" என்று ஒரே வாக்கியத்தில்?

#27 இலக்கணப்பித்தன்

லொங்5 ஜெக்3 தோவ்1 கம்3 ஹோவ்2, யியு3 ப்ஹெங்4 கோ2 ஜெக்3 லா1.

இதில் ப்ஹெங்4 "மலிவு". சொல்வேட்டை மேலே எழுதிய ப்ஹிங்4 த்ஹவ்4 மா5இல் வரும் ப்ஹிங்4ம் அதே எழுத்துதான், அங்கே "சமமட்டம்". எழுத்தில் பார்த்துப் படிப்பவர்கள் எகர இகரத்தை மாற்றிவிடுவார்கள். விலைக்கு எகரம். லொங்5ஐ ஏற்றிச் சொல்லி, கம்3ஐ ஏற்றாமல் சமமாக வையுங்கள். கம்2 ஆகிவிட்டால் "அப்படி" என்று கேட்டு விற்பவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார்.